கறுப்பு ரெயின்கோட் வேண்டாம், தம்பி

தம்பி,

நேற்று மத்தியானம் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று ரெயின்கோட் படமும் வந்தது. ஒன்று கறுப்பு, ஒன்று கருநீலம், இன்னொன்று பச்சையா மஞ்சளா என்று சொல்ல முடியாமல் கண்ணைப் பறிக்கிற ஒரு கலர். கீழே, "ரூம்லேர்ந்து ஆபீசுக்கு இனிமே சைக்கிள்லதான்பா போகப் போறேன். பெங்களூர்ல தெனம் சாயங்காலம் மழ. எத வாங்கறதுன்னு சொல்லு. கறுப்பு டீசன்ட்டா இருக்குது"னு எழுதியிருந்தாய். போன மாசம் போனில் பேசியபோது, அம்மாவின் தலைத் திவசத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்தாயே, அதற்கப்புறம் உன்னிடமிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான். நான் "பாத்துட்டு சொல்றேன்" என்று மட்டும் தட்டி அனுப்பினேன். கட்டைவிரலால் தட்டினால் எனக்கு இரண்டு வரிக்கு மேல் ஓடாது. முப்பது வருஷமாக வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் தபால் செக்‌ஷனில் உட்கார்ந்து யார் யாரோ எழுதின கடிதத்தையெல்லாம் நம்பர் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். சொந்தமாக ஒரு கடிதம் எழுத இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் போகும், கடைசி வரைக்கும் படித்துவிடு.

நீ திவசத்துக்கு வரமாட்டேன் என்பதற்குச் சொன்ன காரணம் எனக்கு மறக்கவில்லை. "சைக்கிள்ல போம்மான்னு சொன்னவனே நான்தான். வண்டி வாங்கிக் குடுத்தவனும் நான்தான். நான் வந்து உக்காந்து பிண்டம் வெச்சா அம்மாவுக்கு எப்படிப்பா எறங்கும்?" என்று கேட்டாய். நான் "சரி, ஒன் இஷ்டம்" என்றேன். உனக்கு அது கோபம் மாதிரி கேட்டிருக்கும். கோபம் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் நம்முடையது என்று தோன்றாது பார், அந்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. சாப்பிடுகிறேன். ஆபீசுக்குப் போகிறேன். ரேஷனில் நிற்கிறேன். யாராவது சிரித்தால் கூடவே சிரிக்கிறேன், எதற்குச் சிரித்தோம் என்று அப்புறம் யோசித்தால் ஞாபகம் வருவதில்லை. பதினோரு மாசத்தில் ஒருநாள்கூட அழுகை வரவில்லை. உன் சித்தப்பா, "அண்ணன் கல்லு மாதிரி தாங்கிட்டாரு"னு ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனிடம் என்னத்தைச் சொல்வது?

ரெயின்கோட்டுக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் உன் அப்பனுக்கு உண்மையிலேயே அனுபவம் ஜாஸ்தி. அடி அண்ணாமலையிலிருந்து வேங்கிக்காலுக்கு முப்பது மழைக்காலம் சைக்கிள் மிதித்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஒரு யூரியா சாக்கின் மூலையை உள்ளே தள்ளித் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவேன், ஆபீஸ் வாசலில் கழற்றி மறைத்து வைத்துவிட்டு உள்ளே நுழைவேன். அப்புறம் ஒரு பெரிய மனுஷ ஆசையில், தலையை நுழைத்து மாட்டினால் நாலு பக்கமும் போர்வை மாதிரி தொங்குமே, அந்தக் கோட்டு ஒன்று வாங்கினேன். அதை மட்டும் நீ வாங்காதே. மலைப் பக்கமிருந்து காற்று ஒரு தள்ளு தள்ளியது, முன் தொங்கல் அப்படியே மூஞ்சியில் அறைந்தது, பின் தொங்கல் சக்கரத்தில் சிக்கியது. கலெக்டர் ஆபீஸ் எதிரே, மனு கொடுக்க வந்த நூறு ஜனம் பார்க்க, சேற்றில் உட்கார்ந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். தபால் நனைந்ததா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன், அவள் தொடப்பக்கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

அதனால் மேல்கோட்டு தனி, பேன்ட் தனியாக இருக்கிற செட்டாக வாங்கு. சைக்கிளில் குனிந்துதான் உட்காருவாய், முதுகுப் பக்கம் ஒரு சாண் நீளமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்சக்கரம் அடிக்கிற சேறெல்லாம் இடுப்புக்குள் போய்விடும். தையல் மேல் உள்பக்கமாகப் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று கடையில் பிரித்துப் பார், விற்கிறவன் முறைத்தாலும் பார். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்ணீர் தையல் வழியாகத்தான் வரும். அக்குளில் காற்றுப் போக வழி இல்லாத கோட்டை எடுக்காதே. நான் ஒன்று வைத்திருந்தேன், கெட்டி பிளாஸ்டிக், ஒரு சொட்டு உள்ளே விடாது, ஒரு சொட்டு வெளியேயும் விடாது. "மழையில நனையாம வந்தேன்னு பெருமயா சொல்றீங்களே, வேர்வையில தொப்பலா நனஞ்சி வந்து நிக்கிறீங்க. ரெண்டுத்துக்கும் என்னாங்க வித்தியாசம்?" என்பாள் உன் அம்மா. தலைத்தொப்பி, நீ தலையைத் திருப்பினால் கூடவே திரும்ப வேண்டும். நிறைய கோட்டில் தலை திரும்பும், தொப்பி அப்படியே நிற்கும், பின்னால் வருகிற லாரியைப் பார்க்கத் திரும்பினால் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் நான் உனக்குச் செய்த ஒரு தப்பு இருக்கிறது. ஆறாவது படிக்கும்போது உனக்கு ஒரு ரெயின்கோட் வாங்கினேன், பத்தாவது வரைக்கும் வர வேண்டும் என்று. அது உன் கணுக்காலில் இடித்தது. கை விரல் வெளியே தெரியாது. "புள்ள கோட்டுக்குள்ள இருக்குதா, கோட்டு தனியா நடந்து வருதான்னே தெரியலங்க"னு அம்மா சொன்னபோதுகூட நான், வளர்ற பிள்ளை, அப்புறம் சரியாகிவிடும் என்றேன். நீ அதை வேண்டுமென்றே ஸ்கூலிலேயே விட்டுவிட்டு நாலு நாள் நனைந்துகொண்டு வந்தாய். அஞ்சாம் நாள் ஜுரம். ஜுரத்தோடு இருந்தவனை ஒரு அறை வைத்தேன். நீ அழவில்லை, கோட்டில் தடுக்கி கிளாஸ் முன்னாடி விழுந்ததையும் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து அம்மாதான் சொன்னாள். அப்போதே உன்னிடம் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. தப்பு செய்ததை வாயால் சொல்லாமல், அடுத்த நாள் ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கி வந்து மேஜையில் வைக்கிற ஆள் நான். உன் தாத்தாவும் அப்படித்தான். உனக்கு ஒட்டிக்கொள்ளாமல் இருந்தால் நல்லது.

அம்மாவின் சைக்கிளைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. அவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்து, டாக்டர் தினமும் உடம்பு அசைய வேண்டும் என்று சொன்னபோது, நீதான் முதல் சம்பளத்தில் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினாய். டவுனில் மெடிக்கல்ஸில் பில் போடும் வேலைக்கு அதுவரைக்கும் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தவள். முதல் வாரம் வெட்கப்பட்டாள். அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஈசான்ய லிங்கம், குபேர லிங்கம் என்று மலையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவாள், என்னமோ சாமி தனக்காகத்தான் ரோடு போட்டு வைத்திருக்கிற மாதிரி. சர்க்கரை இறங்கியது. ராத்திரி கால் எரிச்சல் என்று அழுவாளே, அது நின்றது. "புள்ள எனக்குக் கால வாங்கிக் குடுத்துட்டான்"னு மெடிக்கல்ஸுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள், அந்தக் கடைப் பெண்ணே என்னிடம் வந்து சொன்னாள். இதை நான் உனக்கு இதுவரைக்கும் சொன்னதில்லை. நீ வாங்கிக் கொடுத்ததால் அவளுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. அவள் கடைசியாகச் சந்தோஷமாக இருந்த நாளெல்லாம் அந்த சைக்கிளின் மேல் இருந்த நாள்தான்.

போன வருஷம் ஆவணி மாசம், மழை நாளிலும் ஆட்டோ வேண்டாம், சைக்கிளிலேயே போகிறேன், ஒரு ரெயின்கோட் வாங்கிக் கொடுங்கள் என்றாள். இரண்டு பேரும் டவுனுக்குப் போனோம். கடைக்காரன் நாலைந்து எடுத்துப் போட்டான். அவள் நேராக ஆரஞ்சு கலர் கோட்டில் கை வைத்தாள். நீ அனுப்பிய மூன்றாவது படம் மாதிரிதான், பளிச்சென்று, முதுகிலும் கையிலும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற வெள்ளைப் பட்டை போட்டது. "இது நல்லா இருக்குதுங்க. தூரத்துல வரும்போதே தெரியும்" என்றாள். போட்டும் பார்த்தாள். அளவும் சரியாக இருந்தது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டாமல் குறைக்காமல். "ஐய, அத வை கீழ. குப்ப வண்டிக்காரங்க போட்டுக்கிற மாதிரி இருக்குது. நம்ம தெரு வழியா இதப் போட்டுக்கினு வந்தா ஜனம் என்னா பேசும்?" என்றேன். கடைக்காரன்கூட, "லேடீஸ்ங்க நெறைய பேரு இதத்தான் சார் எடுக்கறாங்க" என்றான். நான் அவனிடம், "நீ டார்க் கலர்ல காட்டுப்பா, அழுக்கு தெரியாது"னு சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. "எதா இருந்தா என்னா, நனையாம போனா சரி"னு சொல்லிவிட்டு ஆரஞ்சை மடித்து, மடிப்பு கலையாமல் கடைக்காரன் கையில் கொடுத்தாள். கருநீலம் எடுத்தோம்.

நிலம் வைத்திருந்த குடும்பம், கவர்மென்ட் உத்தியோகம், என் பெண்டாட்டியை ரோடு கூட்டுகிறவள் என்று யாராவது நினைத்துவிட்டால் என்ன ஆகும் என்று இருந்தது எனக்கு. அவ்வளவுதான். வேறு ஒரு காரணமும் கிடையாது. அழுக்கு தெரியாது என்று சொன்னதுகூட ஒரு சாக்கு.

ஐப்பசியில், பௌர்ணமிக்கு மறுநாள் அது நடந்தது என்பது உனக்குத் தெரியும். சாயங்காலம் ஆறு மணி தாண்டி, நல்ல மழை, குபேர லிங்கத்துக்கு இந்தப் பக்கம். எனக்கு போன் வந்து நான் ஓடியபோது அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரோட்டு நடுவில் ஒரு பெண் நின்றிருந்தாள். பௌர்ணமிக் கூட்டம் போட்டுவிட்டுப் போன டீ கப்பும் தட்டும் வாரிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர். ஆரஞ்சு கோட்டு. அவள்தான் அம்மா விழுந்ததைப் பார்த்து முதலில் ஓடிவந்தவள். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் ரோட்டின் குறுக்கே கையை விரித்து நின்று ஒரு வண்டியையும் அம்மா மேல் ஏற விடாமல் பார்த்துக்கொண்டவள். நீங்க இப்படி நடு ரோட்டில் நின்றீர்களே, உங்களை இடித்திருந்தால் என்று நான் என்னமோ உளறினேன். அவள் ரொம்ப சாதாரணமாக, "என்னப் பாத்தா வண்டி நிக்கும் சார். இந்தக் கோட்டு இருக்குது இல்ல"னு சொன்னாள். அவள் பேர் என்ன என்றுகூட நான் கேட்கவில்லை. இன்றைக்கும் பௌர்ணமிக்கு மறுநாள் அந்தப் பக்கம் போனால் தலையைக் குனிந்துகொண்டு மிதிக்கிறேன்.

அம்மா மேல் மோதிய பால் வண்டியை ஓட்டி வந்தவருக்கு என் வயசு இருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "சத்தியமா தெரியலங்க. பொடவ கொஞ்சம் தெரிஞ்சிருந்தாகூட பிரேக் புடிச்சிருப்பேன். இருட்டோட இருட்டா இருந்துச்சுங்க" என்றார். அம்மா அன்றைக்குக் கட்டியிருந்தது மாம்பழக் கலர் புடவை. அதன் மேல் நான் எடுத்துக் கொடுத்த கருநீலம். அவர் சொன்னது உண்மை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்துகொண்டே, "குடிச்சிட்டு ஓட்னியாடா"னு அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் மேல் டீசல் வாசனையும் பால் வாசனையும்தான் வந்தது. எல்லாரும் என்னைப் பிடித்து இழுத்து, பாவம், பெண்டாட்டி போன துக்கம் என்றார்கள். அப்புறம் ஆஸ்பத்திரியில் அவள் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கோட்டை எடுத்து விரித்துப் பார்த்தேன். அழுக்கு தெரியாது என்று சொல்லித்தான் வாங்கினேன். ரத்தம்கூடத் தெரியவில்லை.

நீ மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாய். ஆஸ்பத்திரி வளாகத்தில் வேப்பமரத்தடியில் சொந்தக்காரர்கள் எல்லாரும் நின்றிருந்தோம். யாரோ என் கையில் டீ கொடுத்திருந்தார்கள். நீ நேராக என்னிடம் வந்து, "நான்தான்பா கொன்னுட்டேன். நான்தான் சைக்கிள்ல போகச் சொன்னேன்"னு சொல்லி அழுதாய். சித்தப்பா உன்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "விடுடா, அண்ணி நேரம்டா" என்றான். அத்தை ஒருத்தி தலையிலடித்துக்கொண்டாள். நான் டீயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார், அதனால்தான் பேசவில்லை என்று நினைத்திருப்பாய். இத்தனை மாசமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். உண்மையில் அந்த நிமிஷம் எனக்கு வந்தது துக்கம் இல்லை தம்பி. ஒரு நிம்மதி. யாரும் என்னிடம் கோட்டைப் பற்றிக் கேட்கப் போவதில்லை என்ற நிம்மதி. பெற்ற பிள்ளை என் பழியைத் தானாகவே வந்து தூக்கிக்கொண்டான், நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்று இருந்தது. "இல்லடா, ஒன்மேல தப்பு இல்ல"னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? டீ ஆறுவதற்குள் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு வாயை மூடினவன்தான், அப்புறம் எதுவும் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

நேற்று நீ கறுப்பு டீசன்ட்டாக இருக்கிறது என்று எழுதியதைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்தவன் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். பதினோரு மாசத்தில் உடம்பில் ஏதோ ஒன்று அசைந்தது அதுதான் முதல் தடவை. டீசன்ட் என்கிற அந்த வார்த்தையை உனக்குக் கற்றுக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது படத்தில் இருப்பதை வாங்கு. ஆபீசில் சிரித்தால் சிரிக்கட்டும். உன்னைக் குப்பை அள்ளுகிறவன் என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், அவர்கள் செய்கிற வேலையில் ஒரு குறையும் இல்லை, குறை என் கண்ணில்தான் இருந்தது. பின்னால் ஒரு சிவப்பு லைட்டும் மாட்டிக்கொள். மழை பலமாக இருந்தால் ஓரமாக நின்றுவிட்டு லேட்டாகப் போ, வேலை எங்கேயும் ஓடிப் போகாது.

திவசம் வர்ற பௌர்ணமிக்கு மறுநாள், பிரதமை திதி. காலையில் ஏழு மணிக்கு ஐயர் வந்துவிடுவார். கிரிவலக் கூட்டம் ஊரைவிட்டுத் திரும்புகிற நேரம் என்பதால் பெங்களூரிலிருந்து இங்கே வருகிற பஸ்ஸில் இடம் இருக்கும். நீ வராவிட்டால் சித்தப்பா உட்காருகிறேன் என்கிறான், நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஒரே பிள்ளை நீ இருக்கும்போது அவளுக்கு வேறு யாரும் தண்ணீர் விட வேண்டாம். உன் கை சுத்தமான கை. இந்தக் கடிதத்தில் இருப்பதைச் சித்தப்பாவிடம் நானே சொல்லிவிடுகிறேன், அத்தையிடமும் சொல்லுகிறேன், நீ யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. இதைப் படித்தபிறகு என் மூஞ்சியில் முழிக்க உனக்கு இஷ்டமில்லாமல் போகலாம். போனால் அதில் நியாயம் இருக்கிறது, நான் கேட்க மாட்டேன். என்னைப் பார்க்க வர வேண்டாம், அம்மாவுக்காக வா. வந்து நீ உட்கார். நான் உள்ளே இருக்கக் கூடாது என்று நினைத்தால் ஒரு வார்த்தை சொல், எல்லாம் முடிகிற வரைக்கும் வெளியே தெருவில் நின்றுகொள்கிறேன்.

அப்பா